நீலக் கதவுக் கடையைப் பற்றி நீ சொன்னது

மகன், இதைப் பேப்பரில் போட்டுவிட்டேனே என்று முதலில் என்னைத் திட்டித் தீர்த்துக்கொள். திட்டி முடிந்ததும் வாசி. போன கிழமைச் சண்டைக்குப் பிறகு நீ என் போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். லண்டனின் மற்றப் பக்கம் செவன் கிங்ஸுக்கு வந்து உன் வீட்டு மணியை அடித்தால், கமராவில் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சத்தம் காட்டாமல் உள்ளே இருக்கிறாய். ஆனால் தமிழ்க்கடைக்குப் போகாமல் உன்னால் ஒரு கிழமை இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அங்கே வாசலடியில் இந்தப் பேப்பர் சும்மா எடுத்துப்போகக் கிடக்கும். நீ எடுக்காவிட்டாலும், உன்னோடு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த பொடியன்களின் அம்மாமார் எடுப்பார்கள். "உங்கட அம்மா பேப்பரில எழுதியிருக்கிறா, பாத்தனீங்களோ?" என்று உன் காதுக்கு வராமல் விடாது. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த வாயால் எனக்கு இந்த ஒருமுறையாவது நன்மை நடக்கட்டும்.

தமிழில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் நீ மேலால் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவாய். தமிழில் நீ எழுத்துக் கூட்டி வாசிப்பவன். ஒவ்வொரு சொல்லாக என்னோடு நடந்து வரவேண்டும். எனக்கு அதுதான் வேண்டும். இன்னொன்று, இதில் வருகிற பெயர்களை எல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன். அந்தத் தெருவின் பெயரை எழுத மாட்டேன். கடைக் கதவின் நிறத்தையும் மாற்றி நீலம் என்று போட்டிருக்கிறேன். உண்மையான நிறம் உனக்குத் தெரியும். நீதான் அதை ஊருக்கே சொன்னாய்.

போன கிழமை போனில் "நீ என்ர பிள்ளையே இல்லை" என்று சொல்லிப்போட்டேன். அது கோபத்தில் வந்தது. உன் அப்பா இருந்திருந்தால் "உன்ர நாக்கிலதானடி சனி இருக்கு" என்று எனக்கு ஏசியிருப்பார். அந்தச் சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். நீ என் பிள்ளைதான். அதனால்தான் எனக்கு இந்தப் பயம். நீ யாரோ ஒருவனாக இருந்திருந்தால், ஒரு விசரன் என்னவோ பேசுகிறான் என்று விட்டுவிட்டு என் பாட்டில் சமைத்துக்கொண்டிருப்பேன்.

நடந்தது தெரியாத மற்றவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். உன் மனைவி அச்சியெங் கென்யாவில் கிசுமு என்ற ஏரிக்கரைப் பட்டினத்துப் பிள்ளை. லுவோ இனம். அந்த நாட்டில் ஐந்து வருசத்துக்கு ஒருமுறை ஜனாதிபதித் தேர்தல் வரும். நிற்கிறவர் நாட்டுக்கு என்ன செய்வார் என்பது பிறகுதான். அவர் யாருடைய ஆள் என்பதுதான் முதல் கேள்வி. கிக்கூயூ என்ற இன்னொரு இனத்து ஆட்கள் அந்தக் கதிரையில் பலகாலம் இருந்தவர்கள். லுவோ ஆட்களுக்கு ஒருமுறையும் கிடைக்கவில்லை. வோட்டு எண்ணும்போது களவெடுக்கிறார்கள் என்று இவர்கள் சொல்லுகிறார்கள். தோற்றால் கலகம் பண்ணுகிறார்கள் என்று அவர்கள் சொல்லுகிறார்கள். இந்த ஆகஸ்ட்டில் திரும்பவும் தேர்தல். நீ லீவு போட்டுவிட்டு அச்சியெங்கின் அண்ணன்மாரோடு சேர்ந்து வேலை செய்ய அடுத்த கிழமை விமானம் ஏறப்போகிறாய். அதற்கு முதல் இதை நீ வாசிக்கவேண்டும்.

அந்தப் போன் சண்டைக்கு முதல்நாள், ஞாயிற்றுக்கிழமை, அச்சியெங் டிராமில் ஏறி, மிச்சம் என்ற எங்கள் லண்டன் பகுதிக்கு வந்தாள். உனக்குச் சொல்லாமல் வந்தாள், அதற்காக அவளோடு சண்டைக்குப் போகாதே. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. போனை மேசையில் வைத்து, "மாமி, இதைக் கேளுங்கோ" என்று உன் குரலைப் போட்டாள். அவளுடைய குடும்பக் குழுவுக்கு நீ பேசி அனுப்பியது. ஆங்கிலமும் நீ பழகிய அரைகுறை லுவோவும் கலந்து பேசியிருந்தாய். அச்சியெங் விளக்கினபடி, எங்கள் பாசையில் சொன்னால் இதுதான் அது: "சந்தைக்குப் பின்தெருவில நீலக் கதவு போட்ட புடவைக்கடை இருக்கு. அது அவங்கட. எங்கட ஊரில இருந்து சாப்பிட்டுக்கொண்டு, வோட்டை மட்டும் தங்கட ஆளுக்குப் போடுறவங்கள். இந்தமுறையும் களவு நடந்தால், ஆரட்டைப் போய்க் கேக்கவேணும் எண்டு மறந்துபோகாதேங்கோ." அதற்குக் கீழே கைதட்டல், சிரிப்பு, "எங்கட லண்டன் மருமகன்" என்று புகழ்ச்சி. அந்தக் குழுவில் இருந்து அது வேறு குழுக்களுக்கும் போய்விட்டதாம். எங்கெங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

எங்கட ஊர் என்கிறாய். லண்டனில் டூட்டிங் ஆஸ்பத்திரியில் பிறந்து, மிச்சம் பிளாட்டில் வளர்ந்து, சாவகச்சேரிக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போனபோது நுளம்பு கடிக்குது என்று மூன்றாம் நாளே அழுத உனக்கு, கிசுமு எப்போதடா எங்கட ஊர் ஆனது?

அச்சியெங் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும், கட்டிப்பிடித்திருப்பேன். அவள் ஆங்கிலத்தில்தான் பேசினாள், நான் தமிழில் சொல்லுகிறேன். "மாமி, என்ர அண்ணன்மார் இப்பிடிக் கதைக்கிறது எனக்குப் பழக்கம். தேர்தல் முடியத் தாங்களா அடங்கிப்போவினம். இவருக்கு இது புதுசு. இவர் எங்க நிப்பாட்டுவார் எண்டு எனக்குத் தெரியேல்லை." பிறகு தன் தகப்பனைப் பற்றிச் சொன்னாள். தேர்தல் கலவரத்தில் இறந்தவர் என்று மட்டும்தான் எனக்கு இதுவரை தெரியும். நானும் துருவிக் கேட்டதில்லை. "நாங்கள் நைவாஷாவில, கிக்கூயூ ஆக்களுக்கு நடுவில, வாடகைக்கு இருந்தம். அப்பாவுக்குப் பூந்தோட்டத்தில வேலை. வந்தவங்களுக்கு எங்கட வீடு எது எண்டு தெரியாது, மாமி. வெளியூர் ஆக்கள். ஆரோ சொல்லியிருக்கு. ஆர் எண்டு இண்டைக்கும் எங்களுக்குத் தெரியாது. அவன் கத்தி தூக்கேல்லை. ஒருத்தரையும் அடிக்கேல்லை. சொன்னவன் மட்டும்தான்."

இதை அவள் உனக்கும் சொல்லியிருக்கிறாள். நீ என்ன பதில் சொன்னாய் என்றும் சொன்னாள். "உன்ர அப்பாவுக்காகத்தான் நான் இதைச் செய்யிறன்" என்றாயாம். "இவர் என்ர அப்பாவைக் கண்டதே இல்லை, மாமி" என்று என்னைப் பார்த்தாள். நான் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக் கழுவப்போனேன்.

இனி வங்காரியைப் பற்றி எழுதவேண்டும். உனக்கு அவளைப் பற்றி யாரும் சொல்லத் தேவையில்லை என்றாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீ மறந்துபோனவன் மாதிரி நடக்கிறாய். எங்கள் பிளாட்டுக்குப் பக்கத்துக் கதவு. கிக்கூயூ. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தவள். அப்பா மினிகாப் ஓட, நான் பெட்ரோல் நிலையத்தில் பின்னேர ஷிப்ட் நிற்க, உன்னைப் பள்ளியில் இருந்து கூட்டிக்கொண்டு வந்து தன் மேசையில் இருத்திச் சாப்பாடு போட்டது அவள்தான். அவள் கிண்டுகிற வெள்ளைச் சோளக் களியைத் தின்றுவிட்டு வந்து, நான் அவித்த புட்டைப் பார்த்து முகம் சுளிப்பாய். நெருப்புக் காய்ச்சலில் நீ கிடந்தபோது உன் கால்மாட்டில் இருந்தவள் அவள். நீ முதன்முதலில் "அன்ரி" என்று கூப்பிட்டது என் தங்கச்சியை இல்லை, அவளை. அந்த நீலக் கதவுக் கடை அவளுடைய சொந்தத் தங்கச்சி ஞாம்புராவின் கடை. பேப்பர் வாசிக்கிறவர்கள் இப்போது புரிந்துகொள்வார்கள், இந்தத் தாய்க்கு ஏன் சோறு இறங்கவில்லை என்று.

நீ வங்காரியை வெறுக்கத் தொடங்கியது எங்கே இருந்து என்று யோசித்துப் பார்த்தேன். அது என் வாயில் இருந்து. நீ அச்சியெங்கைக் கட்டப்போகிறேன் என்று வந்து நின்றபோது, எங்கள் ஆட்கள் செய்கிறதை நானும் செய்தேன். விசாரித்தேன். நாங்கள் ஒரு மனிதரைக் கண்டால் பேர் கேட்கமுதல் "ஊர் எவடம்?" என்று கேட்கிற சனம். ஊரைச் சொன்னால் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி என்று கேட்டுக்கேட்டுக் கடைசியில் "எங்கட ஆக்களோ?" என்பதில் வந்து நிற்போம். கலியாணம் என்றால் அந்த ஊர் தெரிந்த ஒருவரைப் பிடித்து இரகசியமாக விசாரிக்காமல் விடமாட்டோம். கென்யாவுக்கு நான் யாரைப் பிடிப்பேன்? பக்கத்து வீட்டில் வங்காரி இருந்தாள். அவளிடம் போனேன். ஒரு ஊரைப் பற்றிப் பக்கத்து ஊரில், ஏழாலையைப் பற்றிச் சுன்னாகத்தில், விசாரிக்கிற மாதிரித்தான் நினைத்தேன்.

அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டு இருந்தாள். "லுவோவோ?" என்றாள். அடுத்த கிழங்கைக் கையில் எடுத்தாள். பிறகு, "நல்லாப் படிப்பினம். வடிவா உடுப்பினம். வாய் பெரிசு. செத்தவீடு எண்டால் ஊரைக் கூட்டி ஆடுவினம். அவையளிட்டை நாட்டைக் குடுக்க ஏலாது" என்றாள். நான் பெண்ணைப் பற்றிக் கேட்டேன், அவள் நாட்டைப் பற்றிப் பதில் சொன்னாள். அந்த இடத்திலேயே எனக்கு விளங்கியிருக்கவேண்டும். விளங்கினாலும் விளங்காத மாதிரி இருந்தேன், ஏனென்றால் எனக்கு அந்தப் பதில் தேவையாக இருந்தது. கறுப்புப் பிள்ளை வேண்டாம் என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வெட்கம். அதனால் வங்காரியின் வாயை இரவல் வாங்கிக்கொண்டு வந்தேன். "நான் சொல்லேல்லை தம்பி, வங்காரி அன்ரியே சொல்லுறா, அவவுக்குத்தானே அங்கத்தைய ஆக்களைத் தெரியும்" என்று, அவள் சொன்ன இரண்டை நாலாக்கி உன் முன்னால் கொட்டினேன். நீ எழுந்து போனாய். அதற்குப் பிறகு நீ அவள் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. என்னை ஒரு மாதத்தில் மன்னித்தாய். அவளை இன்றுவரை மன்னிக்கவில்லை. விசாரித்தவளுக்குத் தண்டனை இல்லை, கேட்டதற்குப் பதில் சொன்னவளுக்கு மட்டும் தண்டனை. இது என்ன நியாயம், மகன்?

அவள் சொன்னது சரி என்று நான் சொல்லவில்லை. பிழைதான், கேவலமான கதைதான். பிறகு நானே அவளிடம் கேட்டேன், "வங்காரி, உண்மையா நீ அப்பிடித்தான் நினைக்கிறியோ?" என்று. அவள் சொன்னாள், "ஐஞ்சு வருசத்தில நாலு வருசம் நான் வங்காரி. பக்கத்து வீட்டுக்காரி, சமையல்காரி, சேர்ச்சில பாடுறவள். ஐஞ்சாம் வருசம் போன் அடிக்கத் தொடங்கும். அண்ணன், மச்சான், பாதிரியார் எல்லாரும் எடுப்பினம். அப்ப நான் கிக்கூயூ மட்டும்தான். நீ வந்து கேட்டது ஐஞ்சாம் வருசம்." சொல்லிவிட்டு, "அந்தப் பிள்ளை நல்ல பிள்ளையெண்டு உன்ர மகன் சொன்னால் அது போதாதோ?" என்று என்னைத் திருப்பிக் கேட்டாள். உன் கலியாணத்துக்கு வந்து கடைசி வரிசையில் இருந்தாள். நீ அவளுக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. "அவனுக்கு வேலை கூட, அதுதான் வாறதில்லை" என்று நான் இன்றுவரை பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

உன் கலியாணத்தின் இரண்டாவது கொண்டாட்டத்துக்குக் கிசுமுவுக்கு நாங்கள் போனது உனக்கு நினைவிருக்கும். விமானத்தில் உன் பெட்டி வரவில்லை. அடுத்த நாள் காலையில் விழா, உன்னிடம் இருந்தது வேர்த்து ஊறின ஒரு டீசேட் மட்டும். நீ வீம்புக்குப் பேசாமல் இருந்தாய், நான்தான் வங்காரிக்குப் போன் எடுத்தேன். அரை மணித்தியாலத்தில் ஞாம்புரா ஆள் அனுப்பினாள். அந்தக் கதவுக்கு உள்ளே, பள்ளிக்கூட உடுப்புத் துணிகளுக்கு நடுவில், உன்னை நிறுத்தித் தோளை அளந்தாள். "லண்டனில இந்தப் பிள்ளைக்குச் சாப்பாடு குடுக்கிறேல்லையோ?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அன்று பின்னேரமே வெள்ளைச் சட்டை ஒன்றைத் தைத்து முடித்து, ஏரி மீன் பொரித்து, உனக்கும் எனக்கும் அச்சியெங்கின் தாய்க்கும் சாப்பாடு போட்டாள். அவளும் உன் மாமியும் லுவோவில் கதைத்துச் சிரித்ததைப் பார்த்தாய்தானே? ஞாம்புரா அந்த ஊரிலேயே பிறந்தவள். தகப்பன் ரயில்வே வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார். நீ கலியாண வீட்டுப் படங்களில் போட்டிருப்பது அவள் தைத்த சட்டை. இன்னும் உன் அலுமாரியில் தொங்குகிறது என்று அச்சியெங் சொன்னாள்.

அன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஞாம்புரா ஒரு கதை சொன்னாள், அதையாவது நினைத்துப் பார். அச்சியெங்கின் தகப்பன் நைவாஷாவில் இறந்த அதே தேர்தலில், கிசுமுவில் கிக்கூயூ ஆட்களின் கடைகளைத் தேடித்தேடிக் கொளுத்தினார்களாம். இவளுடைய கடை மட்டும் தப்பியது. பக்கத்துக் கடைக்கார மனிதர் ஒரு லுவோ. அவர் சோக்குக்கட்டியை எடுத்து இவள் கதவில் தன் பெயரை எழுதிவிட்டு, கதிரையைப் போட்டு வாசலில் இருந்தாராம். வந்தவர்கள் பெயரை வாசித்துவிட்டுப் போய்விட்டார்கள். இந்தமுறை அவர் எழுதினாலும் அது செல்லாது, மகன். எவருடைய பெயரை எழுதினாலும் செல்லாது. நீ கதவையே சொல்லிவிட்டாய்.

உன் கோபம் எனக்கு விளங்காது என்று நினைக்காதே. விளங்குகிறதுதான் என் தலைவிதி. ஊரில் கடைசிப் போர் நடந்தபோது நீ பள்ளிக்கூட உடுப்போடு லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால் அப்பாவுடன் குளிரில் நின்ற நாட்களை நான் மறக்கவில்லை. கையில் சுலோக மட்டை பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்து, "அம்மா, ஏன் ஒருத்தரும் திரும்பிப் பாக்கினமில்லை?" என்று கேட்டாய். நாங்கள் உனக்கு அன்று பதில் சொல்லவில்லை. பதிலுக்குப் பதிலாக, எவன் எங்கட ஆள், எவன் இல்லை என்று மட்டும் சாப்பாட்டு மேசையில் சொல்லிக்கொடுத்தோம். கவுன்சில் தேர்தல் வந்தால் கட்சியைப் பார்க்காமல் தமிழ்ப் பேர் எங்கே இருக்கிறது என்று தேடிப் புள்ளடி போடுகிறவள்தானே உன் அம்மா? ஒருமுறை அப்படிப் போட்டு வென்ற ஆளை வீதியில் கண்டு, எங்கள் பிளாட்டின் லிப்ட் வேலை செய்யவில்லை என்றேன். "அக்கா எவடம்?" என்று கேட்டார். சொன்னேன். "ஓ, அந்தப் பக்கமோ" என்று சொல்லிவிட்டுப் போனார். லிப்ட் இன்னும் வேலை செய்யவில்லை. நீ அதைச் சொல்லிச் சொல்லி விழுந்து விழுந்து சிரிப்பாய். அப்படிச் சிரிக்கத் தெரிந்த பிள்ளை இன்று அந்த ஆளைவிட மோசமாகப் பேசுகிறானே என்பதுதான் என் வயிற்றெரிச்சல். லுவோ ஆட்களின் கதையைக் கேட்டதும் அது எங்கள் கதை மாதிரியே இருக்கிறது என்று உனக்குப் பட்டிருக்கும். எனக்கும் பட்டது. எங்களுக்குக் கிடைக்காத வெற்றியை அங்கே போய் எடுத்துவிடலாம் என்று நினைக்கிறாய். அது அவர்களுடைய நாடு. தோற்றால் நீ விமானம் ஏறி வந்துவிடுவாய். ஞாம்புராவுக்கு ஏற விமானம் இல்லை.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். இதை நான் இந்த நாட்டில் யாருக்கும் சொன்னதில்லை, அப்பாவும் நானும்கூட எங்களுக்குள் பேசிக்கொண்டதில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து முஸ்லிம் சனங்களை இயக்கம் எழுப்பி அனுப்பிய நாளில் நான் அங்கேதான் இருந்தேன். கலியாணம் முடிக்காத காலம். ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒன்று வந்தது. முஸ்லிம் சனம் எல்லாரும் வெளிக்கிட்டு வரவேண்டும் என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டு போனது. அந்தக் குரலை எனக்குத் தெரியும். எங்கள் ஒழுங்கைப் பொடியன். பொல்லாதவன் இல்லை. என் அம்மாவுக்குக் கிணற்றில் வாளி விழுந்தால் ஓடி வந்து எடுத்துத் தருகிறவன். அவன் குரலில் ஆத்திரம்கூட இருக்கவில்லை, பேர் கூப்பிடுகிற வாத்தியார் மாதிரித்தான் சொன்னான். அன்று பின்னேரம் நானா என்று நாங்கள் கூப்பிடுகிற எங்கள் முஸ்லிம் தையல்காரர், மனைவி, பிள்ளைகளோடு கையில் ஒரு பையுடன் எங்கள் வீட்டைக் கடந்து போனார். என் பாவாடைத் துணி அவர் கடையில் அரைகுறையாகக் கிடந்தது. அவர் எங்கள் கேற்றைப் பார்த்தார். நாங்கள் உள்ளுக்கு நின்றோம். நாங்களும் துரத்தப்பட்ட சனம்தான், எங்களுக்கும் வீடு எரிந்த கதை இருந்தது. அந்தக் கதை அன்றைக்கு எங்கள் வாயைத் திறக்கவிடவில்லை. உன் குரலை அச்சியெங்கின் போனில் கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது ஜனாதிபதியும் இல்லை, தேர்தலும் இல்லை. அந்தப் பொடியன்தான். இப்போது பரிஸில் இருக்கிறானாம். தான் அன்று என்ன செய்தான் என்று அவனுக்கு எப்போதாவது விளங்கியதோ தெரியாது.

இப்போது உன்னிடம் நான் கேட்பது இதுதான். அந்தப் பதிவை அழித்துவிட்டேன் என்று அச்சியெங்கிடம் சொன்னாயாம். அழித்தால் போதாது. சிந்தின பாலை அள்ள ஏலாது என்று சொல்லிவிட்டு இருக்கவும் முடியாது. அதே குழுவில், அதே வாயால், அதே அரைகுறை லுவோவில் திரும்பப் பேசு. அந்தக் கடைக்காரி எனக்குச் சட்டை தைத்துப் போட்டவள், என் மாமியோடு இருந்து சாப்பிட்டவள், நான் சொன்னது பிழை, அந்தக் கதவில் கை வைக்கிறவன் என் கலியாணத்தில் கை வைக்கிறான் என்று சொல். உன்னைப் புகழ்ந்தவர்கள் சிரிப்பார்கள். லண்டன் மருமகன் பயந்துவிட்டான் என்பார்கள். சொல்லட்டுமே. பயந்தவன் என்ற பேர் ஒரு தேர்தலோடு போய்விடும். போகிற போக்கில் உன் மச்சான்மாரையும் அதைப் பகிரச் சொல்லு. முதல் பேச்சு எல்லோருடைய போனுக்கும் போன அதே வழியால் இதுவும் எல்லோருக்கும் போகவேண்டும். யாரை வேண்டுமானாலும் ஆதரி, அது உன் மனைவியின் நாடு, அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது, நான் குறுக்கே நிற்கவில்லை. ஒரு கதவை மட்டும் விட்டுவிடு என்று காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். நேரில் இருந்தால் விழுந்தே இருப்பேன். கமராவுக்கு முன்னால் விழுந்தால் உனக்குத் தெரியாது.

நேற்றுப் பின்னேரம் வங்காரி வீட்டுக்குப் போனேன். இரண்டு கதவுகளுக்கும் நடுவில் நாலு எட்டுத்தான். எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அவள் கதவைத் திறந்ததும் அவள் முகத்தைப் பார்த்தே விளங்கிவிட்டது, அவளுக்கும் அது வந்துவிட்டது. என்னை உள்ளே விட்டாள். ஏசவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. இரண்டு பேரும் கதிரையில் இருந்தோம், நீ வீட்டுப்பாடம் செய்கிற அதே மேசை. அவள் ஞாம்புராவுக்குப் போன் எடுத்து, நானும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, எனக்கும் விளங்க ஆங்கிலத்தில் கதைத்தாள். "கடையைப் பூட்டிப்போட்டு நைரோபிக்குப் போ, தேர்தல் முடிய வா" என்று கெஞ்சினாள். ஞாம்புரா மறுத்துவிட்டாள். "பள்ளிக்கூடம் தொடங்கப்போகுது. பிள்ளையளுக்கு உடுப்பு ஆர் தைக்கிறது? நான் இந்த ஊர்க்காரி. நான் எங்க போறது?" என்றாள். பிறகு வங்காரி கேட்கப் பயந்துகொண்டே கேட்டாள், அந்தக் குரல் உனக்கும் வந்ததோ என்று.

"ஓம், வந்தது. ஆர் ஆரோ அனுப்பினவை" என்றாள் ஞாம்புரா. பின்னால் தையல் மெசின் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள், "அது நான் சட்டை தைச்சுக் குடுத்த பிள்ளைதானே? ஏன் அவன்ர குரல் அப்பிடி அடைச்சிருக்கு? தடிமனோ? சுகமில்லையோ அவனுக்கு?"

வங்காரி என்னைப் பார்த்தாள். அவனுக்குத் தடிமன் இல்லை, அவன் உன்னைப் பற்றித்தான் பேசினான், பேசும்போது குரல் அப்படித்தான் இருந்தது என்று எந்த வாயால் சொல்வேன்? பிறகு சொல்லுகிறேன் என்றேன். அந்தக் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. உன் குரலுக்கு என்ன நடந்தது என்று அவள் கேட்கிறாள், மகன். காலையில் அவள் கடை திறந்ததும் அவளுக்குப் போன் எடுத்து, நீயே சொல்லு.